உங்களுக்குத் தெரியுமா? – கண்டி மலைகளின் காட்டுக்கோழி

• இலங்கையின் தேசியப் பறவை இலங்கைக் காட்டுக்கோழி. உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இது கிடையாது. கண்டிக்குக் கிழக்கே உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் இதன் வாழிடங்களில் ஒன்று. சிங்களத்தில் இதன் பெயர் 'வலி குக்குளா'.

• அடையாளம் கொண்டையில் இருக்கிறது. சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவே பளிச்சென்று மஞ்சள் திட்டு தெரியும். உடல் செம்மஞ்சள், வாலும் இறக்கையும் கருநீலம் கலந்த ஊதா. பேடோ தவிட்டு நிறம். சருகுக்குள் உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

• வாலோடு சேர்த்துச் சேவலின் நீளம் 66 முதல் 72 செ.மீ. பேடு ஏறத்தாழ அதில் பாதிதான்.

• இதன் அறிவியல் பெயரில் இருப்பவர் ஒரு பிரெஞ்சுப் பிரபு! அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த லஃபாயெத்தின் பெயரை 1831இல் இதற்குச் சூட்டியவர், பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெசோன்.

• உலகில் காட்டுக்கோழி இனங்கள் நான்கே: சிவப்பு, சாம்பல், பச்சை, இலங்கை. நம் வீட்டுக்கோழிக்கு முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

• இலங்கைக் காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறி விதை, பூச்சி, கறையான் தின்னும். இருட்டியதும் மரக்கிளையில் ஏறிவிடும். ஆப்பிரிக்கக் கினிக்கோழிக்கும் இதே பழக்கம்தான். முட்டை விஷயத்தில்தான் வித்தியாசம்: கினிக்கோழி 6 முதல் 12 வரை இடும், இது பெரும்பாலும் 2 முதல் 4 வரைதான்.

• மலைக்காடுகளில் 'நெலு' எனப்படும் குறிஞ்சி வகைச் செடிகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்துக் காய்த்து மடியும். விதை கொட்டும் அந்தக் காலத்தில் காட்டுக்கோழிகள் அங்கே குவிந்துவிடும். விதையை அளவுக்கு மீறித் தின்று அவை கிறங்கிப்போகும் என்று பழைய வேட்டைக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

• இலங்கைக்கே உரிய இன்னொரு தரைக்கோழியும் உண்டு: 'ஹபன் குக்குளா'. சேவலுக்குக் காலுக்கு இரண்டு முள்கூட இருக்கும். அடர்ந்த காட்டை விட்டு எளிதில் வெளியே வராது. குரல் கேட்கும், ஆள் அகப்படாது.

• சாம்பல் கவுதாரியைப் பார்க்க வேண்டுமா? கண்டியிலிருந்து யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து வறண்ட நிலத்துக்குப் போக வேண்டும். காட்டுக்கோழிக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. நக்கிள்ஸ் காட்டோரப் பாதையில் விடியற்காலையில் சத்தமில்லாமல் நடங்கள். இரை தேடித் திறந்த இடத்துக்கு அது வரும் நேரம் அதுதான்.