கைப்பிடி அளவு போதுமா?

குழந்தைகளே! தாயில்பட்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? பட்டாசுதானே! விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி பக்கம் உள்ள ஊர் அது. பட்டாசு மருந்து கலக்கும்போது ஒவ்வொரு பொருளையும் தராசில் எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். 'ஒரு கைப்பிடி' என்று அள்ளிப் போட்டால்? ஒருவர் கை பெரிது, இன்னொருவர் கை சிறிது. அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து!

ஆனால், பெரிய பெரிய விஞ்ஞானிகளும் ஒரு விஷயத்தில் 'கைப்பிடி' கணக்குதான் போட்டு வந்தார்கள் தெரியுமா?

பேரியம் உப்பு எரிந்தால் பச்சை வெளிச்சம் வரும். தீயே இல்லாமல் பச்சையாக ஒளிர்கிற பொருளும் உண்டு. அது ஒரு வகை ஜெல்லி மீனின் உடம்பில் இருக்கும் புரதம். ஜப்பான் விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா 1962-ல் இதைக் கண்டறிந்தார். நீல ஒளியைக் காட்டினால், இது பச்சை ஒளியைத் திருப்பித் தரும். கடைகளில் ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டைப் பிடித்தால் அதிலுள்ள எண்கள் ஒளிர்கின்றன அல்லவா? அதே மாதிரிதான். இதற்கு 'ஒளிர்தல்' என்று பெயர். இந்தப் புரதத்துக்காக ஷிமோமுரா உட்பட மூவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்தால், பாக்டீரியாவும் ஒளிரும்! தண்ணீரில் நஞ்சு கலந்திருந்தால் ஒளிர்ந்து காட்டும் பாக்டீரியாவைக்கூட உருவாக்குகிறார்கள்.

எவ்வளவு ஒளிர்கிறது என்பதை ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். சிக்கலே இங்குதான்! ஒரே பாக்டீரியாவுக்கு ஒரு கருவி 500 என்று காட்டலாம். இன்னொன்று 20,000 என்று காட்டலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு 'கைப்பிடி'! அப்படியானால், ஒரு ஆய்வகம் "நஞ்சு இருக்கிறது" என்று சொல்வதை இன்னொரு ஆய்வகம் எப்படிச் சரிபார்ப்பது?

'ஐஜெம்' என்று மாணவர்களுக்கான உலகப் போட்டி ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் இதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். 2014, 2015 போட்டிகளில் 88 கல்வி நிறுவனங்களின் அணிகள், ஒரே மாதிரியான மூன்று வகை பாக்டீரியாவை அவரவர் ஊரில் அளந்தன. எல்லோருக்கும் பொதுவான அலகில் விடை சொல்ல மிகச் சில அணிகளால்தான் முடிந்தது. மங்கலாக ஒளிர்ந்த பாக்டீரியாவில் குழப்பம் இன்னும் அதிகம்!

இதற்கு வழி என்ன? எல்லோருக்கும் ஒரே 'படிக்கல்' கொடுப்பதுதான். 2018-ல் 244 ஆய்வகங்கள் இதைச் செய்து பார்த்தன. ஒளியை ஒப்பிட, புளோரசின் என்ற சாயம். கண் டாக்டர்கள் கண்ணில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்துவதும் இதையே! பாக்டீரியாக்களின் எண்ணிக்கையை ஒப்பிட, பாக்டீரியா அளவே உள்ள சிலிக்கா மணிகள். ஒரு துளியில் எத்தனை மணிகள் என்பது முன்பே தெரியும். இந்த இரண்டையும் முதலில் அளந்துவிட்டு, பிறகு பாக்டீரியாவை அளந்தார்கள். என்ன ஆச்சரியம்! பெரும்பாலான ஆய்வகங்களின் விடைகள் நெருங்கி வந்துவிட்டன.

நீங்களும் செய்து பாருங்கள். தாத்தா, அம்மா, தம்பி மூவரையும் ஆளுக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை எடுக்கச் சொல்லி எண்ணுங்கள். மூன்று விடை வரும்! அடுத்து, ஒரே சின்ன டம்ளரில் தலைதட்டி அளக்கச் சொல்லுங்கள். இப்போது எண்ணினால் வித்தியாசம் குறைந்திருக்கும்.

ஒருவர் கண்டதை இன்னொருவரும் செய்து பார்த்து, "ஆமாம், சரிதான்" என்று சொன்னால்தான் அது அறிவியல். அதற்கு இருவர் கையிலும் ஒரே அளவுகோல் வேண்டும்.

எண்ணி முடித்தாயிற்றா? இனி பொட்டுக்கடலையைச் சாப்பிடலாம்!