வேர்முடிச்சுக்குள் யார் போவது?

உளுந்துச் செடி பூக்கிற சமயத்தில் ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்: ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. (அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம்ம ரத்தத்தில் இருப்பதற்குத் தூரத்துச் சொந்தம்.) வெளிறிப்போய் இருந்தால், முடிச்சு இருந்தும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை.

இந்த பாக்டீரியாவுக்கும் நோய் வரும். ஃபேஜ் என்கிற வைரஸ் அதன் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, பல மடங்காகப் பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். செடியை அது நேரடியாக ஒன்றும் செய்யாது.

அப்போ விளைச்சல் குறைந்தால் ஃபேஜ்தான் காரணமா? 1930களில் பிரான்ஸில் டெமொலோன், டூனே என்ற இருவர் அப்படித்தான் சொன்னார்கள். ஒரே நிலத்தில் பல வருஷம் குதிரை மசால் போட்டால் பயிர் சோர்ந்துபோகிறது; அந்த மண்ணில் ஃபேஜ் இருக்கிறது; ஆகவே அதுதான் குற்றவாளி. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் நன்றாக விளைகிற நிலத்திலும் ஃபேஜ் இருக்கத்தான் செய்கிறது. ரைசோபியம் நிறைய இருக்கிற இடத்தில் அதைத் தின்கிறதும் இருக்கும், அவ்வளவுதான். தவிர, குதிரை மசால் தானே வெளியிடும் வேதிப்பொருட்களும் அடுத்த விதைப்பைக் கெடுக்கும்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது, சாகிறவை அல்ல, தப்பிப் பிழைக்கிறவை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் யானினா கிளெச்கோவ்ஸ்கா க்ளோவர் ரைசோபியத்தை ஃபேஜோடு சேர்த்து வளர்த்து, பிழைத்தவற்றைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். 1950இல் வெளியான முடிவுப்படி, அவற்றில் சில நைட்ரஜன் பிடிக்கும் திறனிலேயே மாறியிருந்தன. இதே மாதிரி இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபேஜ் ஒட்டுவது பெரும்பாலும் பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில். வேருக்குள் நுழையவும் அதே மேற்பரப்புதான் தேவை. வைரஸுக்குக் கதவைச் சாத்தப்போய், செடிக்கும் சாத்திவிடலாம்.

இதை விதையோடு அரிசிக் கஞ்சியில் கலக்கும் ரைசோபியம் பாக்கெட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே ரக பாக்டீரியாவைப் போட்டு, அதற்கேற்ற ஃபேஜ் மண்ணில் ஏற்கெனவே இருந்தால், நாம் போட்டது குறையும். முடிச்சில் ஊர் மண்ணின் சோம்பேறி ரகம் உட்கார்ந்துவிடும். முடிச்சு எண்ணிக்கை குறையாது, அதனால் வெளியே தெரியவும் தெரியாது. பாக்கெட் பலன் தரவில்லை என்றால் வெயிலில் வைத்தது, காலாவதியானது எல்லாம் பார்த்த பிறகு இதையும் பார்க்கலாம். மண் கரைசலை நுண்வடிகட்டியில் வடித்து, அந்த ரைசோபியம் வளரும் தட்டில் விட்டால் போதும். ஃபேஜ் இருந்தால் பாக்டீரியாப் படலத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெளிவான வட்டங்கள் விழும்.