கத்திக்கும் கணக்கு வேண்டும்



சேமிப்புக்கும் கடனுக்கும் வாரந்தோறும் கணக்குப் பார்க்கிறோம். தோட்டத்துக்குக் கொண்டுபோகும் மடக்குக் கத்திக்குக் கணக்கு வைக்கிறோமா?

பண்ணைப்புரம் பகுதியில் நம் உறுப்பினர்கள் பலர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில்தான் விளைகிறது. கண்ணும் கையும் மேலே இருக்கும்; கீழே வைத்த கத்தி சருகுக்குள் மறைந்துவிடும். “இங்கதானே வச்சேன்” என்று தேடுவோம். கிடைக்காவிட்டால் நஷ்டம் கத்தியோடு போகாது. நாளைக்கு யாரோ வெறுங்காலோடு மிதிப்பார்கள், பிள்ளைகள் எடுத்து விளையாடும்.

என்ன செய்யலாம்?

• கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றுங்கள். சிவப்பு பகலில் பளிச்சென்று தெரியும், பொழுது சாய்ந்தால் கறுத்துவிடும்.
• பிடியில் கயிறு கட்டி, மடக்கிய பிறகே பையில் போடுங்கள். திறந்த கத்தியை இடுப்பில் செருகாதீர்கள்.
• வேலை நிறுத்தினால் தரையில் போடாமல் கூடையில் வையுங்கள்.
• போகும்போது எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று ஒருவர் எண்ணட்டும்.
• தொலைந்தால் கடைசியாக வெட்டிய இடத்திலிருந்து குச்சியால் கிளறித் தேடுங்கள். கையை விடாதீர்கள், பூச்சிபொட்டு இருக்கும்.

வெட்டுப்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சளோ சாணமோ வைக்க வேண்டாம். ரணஜன்னிக் கிருமி துருவில் பிறப்பதல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் காட்டி, தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம்!