ஹெல்மெட் காக்காத இடம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'சென்டர்' ஆடுபவர் குனிந்து, தரையிலிருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுக்க வேண்டும். அவர் நிமிர்வதற்குள் எதிரணி ஆள் வந்து மோதிவிடுவார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் 17 சீசன்கள் இப்படி முட்டி மோதி, நான்கு சூப்பர் பௌல் பட்டங்களில் பங்கெடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு மறதி, குழப்பம், மனச்சோர்வு. சில காலம் தன் வண்டிக்குள்ளேயே படுத்துறங்கினார். 2002இல், 50 வயதில் இறந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலுவுக்கு அவர் மூளை, பார்வைக்குச் சாதாரணமாகவே தெரிந்தது. மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் டௌ என்ற புரதம் அங்கங்கே திரண்டு கிடந்தது. இந்த மூளை நோய்க்கு சி.டி.இ. என்று பெயர். 2005இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட, தொழில்முறை ஃபுட்பாலை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பின் மருத்துவக் குழுவினர் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்! குத்துச்சண்டை வீரர்களுக்கு இப்படி ஆவதை 1928லேயே மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். ஆனால் ஓடுகிற தலை சட்டென்று நின்றால் உள்ளே இருக்கும் மூளை குலுங்கத்தான் செய்யும். அந்தக் குலுக்கலில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. நினைவிழந்து விழவைக்கும் ஒரு பெரிய அடியைவிட, யாரும் கணக்கில் எடுக்காத சின்னச் சின்ன இடிகள் வருடக்கணக்கில் சேர்வதுதான் சி.டி.இ.க்கு முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

2017இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பார்த்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. அதற்காக நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இந்த நோய் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்திருந்தன.

எல்லாவற்றையும் இந்த நோயின் தலையில் கட்டுவதும் சரியில்லை. பள்ளி நாளிலிருந்து ஆட்டம் ஒன்றையே தெரிந்தவருக்கு முப்பது வயதையொட்டி வேலை முடிந்துவிடுகிறது. சம்பளமும் கூட்டாளிகளும் அன்றாட ஒழுங்கும் ஒரே நாளில் போய், முழங்கால் வலியும் வலிமாத்திரையும் மிஞ்சுகின்றன. மூளையில் ஒரு கீறல் இல்லாதவரையும் இது சாய்த்துவிடும்.

சி.டி.இ. இருப்பதை உயிரோடு இருப்பவரிடம் உறுதிசெய்ய இன்னும் வழியில்லை. ஆனாலும் 2024இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னாள் வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தனக்கு அது இருப்பதாக நம்பினார். அப்படி நம்பியவர்களிடம் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருந்தது. 'இனி மருந்தில்லை' என்று அவர்கள் ஒதுங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. பருத்த உடல்வாகு கொண்ட வீரர்களுக்கு அடிக்கடி வரும் உறக்க மூச்சுத்தடையும் மறதி, எரிச்சல், சோர்வு எல்லாவற்றையும் கொண்டுவரும். அதை ஓர் இரவுப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.