பைக்கில் கியர் ‘டொக்’கென விழுகிறதா? ஆயில் கேனைத் திருப்பிப் பாருங்கள்!

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பல விவசாயக் குடும்பங்களுக்கு ஒரே பைக்தான். விடியற்காலையில் அதில் பால் கேன் சங்கத்துக்குப் போகும். பிறகு அதே வண்டியில் மகனோ மகளோ சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போக வேண்டும். மாலையில் தீவன மூட்டையும் உர மூட்டையும் அதில்தான் வரும். இப்படி உழைக்கும் வண்டியில் கியர் மாற்றும்போது ‘டொக்’கென்று சத்தம் வருவதும், நியூட்ரல் சரியாக விழாமல் போவதும் பலருக்கும் உள்ள பிரச்னை. உடனே, ‘கெட்டி ஆயில் ஊத்துங்க, சரியாயிடும்’ என்று ஒருவர் சொல்வார். ‘விலை கூடின ஆயில் ஊத்துங்க’ என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தவறான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிளேட்டே போய்விடும். அதை மாற்றும் செலவு, பல தடவை ஆயில் மாற்றும் செலவுக்குச் சமம்.

ஒரே ஆயில், மூன்று வேலை

கார், டிராக்டரில் என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். இன்றைய கியர் பைக்குகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன.

இந்த மாற்றத்தைப் புல்லட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1950-களில் சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. அந்தப் பழைய வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் கிளட்ச் பெட்டிக்கும் தனித்தனியாக ஆயில் விட வேண்டும். 2009-இல் வந்த கிளாசிக் போன்ற வண்டிகளில் என்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன. 2013 முதல் ஒரகடத்திலும், 2017 முதல் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இயங்குகின்றன. 2015-இல் யமஹா ஆலையும் வல்லம் வடகாலுக்கு வந்தது. இங்கிருந்து வெளிவரும் கியர் பைக்குகளுக்கும், ஊரில் ஓடும் 100 சிசி வண்டிகளுக்கும் இந்த ஒரே ஆயில் கணக்குத்தான்.

இதில்தான் சிக்கல். கியர் பற்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போக வேண்டும். கிளட்ச் பிளேட்டுகளோ வழுக்காமல் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் ஆயில்தான் பைக்குக்கு ஏற்றது.

கேனில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

முதலாவது, 10 டபிள்யூ-30, 20 டபிள்யூ-40, 15 டபிள்யூ-50 என்பது போன்ற எண். முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னால் உள்ள எண், என்ஜின் சூடானபோது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். பின் எண் கூடினால் சூட்டில் கெட்டி அதிகம். 10 டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20 டபிள்யூ-50 ஊற்றினால், சூடான பிறகு சத்தம் கொஞ்சம் அடங்கியதுபோலத் தெரியலாம். ஆனால், காலையில் கெட்டி ஆயில் கிளட்ச் பிளேட்டுகளை ஒட்டிப் பிடிக்கும். முதல் கியர் ‘டொக்’கென விழும், நியூட்ரல் சிக்காது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் எந்த எண் இருக்கிறதோ, அதையே வாங்க வேண்டும்.

இரண்டாவது, ஜாசோ முத்திரை. இது ஜப்பான் வாகனத் தர அமைப்பின் பெயர்ச் சுருக்கம். கார்களில் பெட்ரோலை மிச்சப்படுத்த, வழுக்கலைக் கூட்டும் மருந்துகளை ஆயிலில் சேர்த்தார்கள். அந்த ஆயிலைப் பைக்கில் ஊற்றியபோது கிளட்ச் வழுக்கியது. அதனால் 1998-இல் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுக்கப்பட்டது. ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ள கியர் பைக்குகளுக்கு எம்.ஏ. வழுக்கல் அதிகமுள்ள ஆயிலுக்கு எம்.பி, பெரும்பாலும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. 2006-இல் எம்.ஏ பிரிவுக்குள் எம்.ஏ-1, எம்.ஏ-2 வந்தன. எம்.ஏ-2 ஆயிலில் கிளட்ச் பிடிப்பு அதிகம். கியர் பைக்குக்கு வாங்கும் கேனின் பின்பக்கத்தில் எம்.ஏ அல்லது எம்.ஏ-2 இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஏ.பி.ஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரும் எஸ்.ஜே, எஸ்.எல், எஸ்.என் போன்ற தரம். கையேட்டில் சொன்ன தரம் இருந்தால் போதும்.

மினரலா, சிந்தெட்டிக்கா என்பது இவற்றுக்கு அடுத்த கேள்விதான். சிந்தெட்டிக் ஆயில் சூட்டையும் கியர் பற்களின் நசுக்கலையும் பொதுவாகக் கூடுதல் நாள் தாங்கும். கையேட்டில் கேட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். கேட்காத 100 சிசி வண்டிக்கு, சரியான எண்ணும் முத்திரையும் உள்ள சாதாரண ஆயிலைக் காலத்தில் மாற்றினாலே போதுமானது.

ஆயில் ஏன் இளகுகிறது?

ஆயில் சூட்டிலும் கெட்டியாக நிற்க அதில் ஒரு பொருள் கலக்கிறார்கள். கியர் பற்களுக்கு இடையே சிக்கிச் சிக்கி அந்தப் பொருள் அறுபட்டுவிடும். ஆயில் இளகும். அப்போது பற்களுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் படலம் மெலிந்து, சத்தம் கூடும். ஆகவே புது ஆயில் ஊற்றியபோது மெதுவாக விழுந்த கியர், போகப் போகக் கரடுமுரடானால் ஆயில் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கறுத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நல்ல ஆயிலும் அழுக்கை வாங்கிக்கொண்டு கறுக்கும்.

தினம் 50 கி.மீ. ஓடும் வண்டி 60 நாளில் 3,000 கி.மீ. தொட்டுவிடும். கையேட்டில் உள்ள கி.மீ. கணக்கே அளவுகோல். லாரி புழுதி, மண் சாலை, இரண்டு மூட்டைப் பாரம் என்று ஓடும் வண்டிக்கு அதற்குச் சற்று முன்பாகவே மாற்றுவது நல்லது.

ஆயிலைக் குறை சொல்வதற்கு முன்...

கிளட்ச் கேபிள்: லிவரின் நுனியில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் இது 10 முதல் 20 மி.மீ. தளர்ச்சி அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும். தளர்ச்சியே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும்.

செயின்: தொய்வு அதிகமானால் ஒவ்வொரு கியருக்கும் ‘டக்’கென அடிக்கும். கையேட்டு அளவுக்கு இழுத்து, சுத்தம் செய்து, எண்ணெய் விட வேண்டும்.

ஐட்லிங்: நிற்கும்போதே என்ஜின் வேகமாக ஓடினால் முதல் கியர் பலமாக இடிக்கும்.

ஆயில் அளவு: சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சிறிது நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் ஆயில் நுரைத்து, என்ஜின் சூடாகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கியர் தானாகக் கழன்றாலோ, அரைக்கும் சத்தம் கேட்டாலோ, அது உள்ளே தேய்மானம். எந்த ஆயிலும் அதைச் சரி செய்யாது. மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். காலையில் முதல் கியருக்கு மட்டும் வரும் சின்ன ‘டொக்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்விகளும் பதில்களும்

வீட்டில் டிராக்டர் ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

கேனில் ஜாசோ எம்.ஏ முத்திரையும் உங்கள் வண்டிக்கான எண்ணும் இல்லாவிட்டால் ஊற்றக் கூடாது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரில் தவறான ஆயில் விட்டால் பிரேக் சத்தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பைக் கிளட்சுக்கும் அதே கதைதான்.

வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருக்கின்றன. ஒரே கேன் வாங்கலாமா?

வேண்டாம். ஸ்கூட்டருக்கான எம்.பி ஆயில் கியர் பைக்கில் கிளட்சை வழுக்க வைக்கும். தனித்தனியாக வாங்குங்கள்.

போலி ஆயிலை எப்படித் தவிர்ப்பது?

சீல் உடையாத கேனை, பில்லோடு, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலிக் கேனை வெட்டிப் போடுங்கள். மறுபடி அதில் கழிவு ஆயில் நிரப்பி விற்க வழி இருக்காது.

பழைய ஆயிலை வரப்பில் ஊற்றினால் களை சாகுமா?

களையோடு மண்ணும் சாகும். எண்ணெய் படிந்த மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. மண்புழுவும் நுண்ணுயிரும் அழியும். தேய்ந்த உலோகத் துகளும் அந்த ஆயிலில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருவது இந்தக் கழிவு ஆயில். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அதைச் சென்னை குடிக்கிறது. ஆகவே வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, மறுசுழற்சிக்குச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் கி.மீ. அளவையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை எப்போது மாற்றுவது என்ற குழப்பம் இருக்காது.