அரை மில்லி நொடிப் பாதையில் 40 மில்லி நொடிக் காத்திருப்பு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் பெருகிவிட்டன. 2019-இல் சிங்கப்பூர் புதிய மையங்களை நிறுத்திவைத்ததும் அதற்கொரு காரணம். கூலாயிலிருந்து சிங்கப்பூருக்கு 50 கி.மீ. கண்ணாடி இழை என்று வைத்துக்கொள்வோம். இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும்; போய்த் திரும்ப அரை மில்லி நொடி. ஜொகூர்–சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் நிற்பவர்கள் பெருமூச்சு விடலாம்.

இந்தப் பாதையில் இன்னும் வேகத்துக்கு ஆசைப்பட்ட ஒருவர், பைத்தானின் ஆயத்த எச்டிடிபி நூலகத்தை விட்டுவிட்டு நேரே சாக்கெட்டில் எழுதுகிறார். தலைப்பை ஒரு தடவை, உள்ளடக்கத்தை மறு தடவை அனுப்புகிறார். பதில் வர 40 மில்லி நொடிக்கு மேலாகிறது. ஏன்?

ஒற்றை எழுத்தை அனுப்ப 40 பைட் டிசிபி/ஐபி தலைப்பு வீணாவதைத் தடுக்க, 1984-இல் ஜான் நேகிள் ஒரு விதி சொன்னார்: முந்தைய துண்டுக்கு ஒப்புகை வரும்வரை அடுத்த சிறு துண்டைப் பிடித்து வை. எதிர்முனை லினக்ஸோ, பதிலோடு சேர்த்தே அனுப்பலாமென்று ஒப்புகையைச் சுமார் 40 மில்லி நொடி தள்ளிப்போடும். 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க முதல்ல' என்று வாசலில் நிற்கும் இரு சம்பந்திகள்தான்!

இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால் போதும். அல்லது நேகிள் விதியை அணைக்கலாம். பைத்தானின் நூலகம் அதை முன்பே அணைத்துத்தான் வைத்திருக்கிறது. எச்டிடிபி வேலைக்கு நான் அந்த ஆயத்த நூலகத்தை விட்டுக் கீழே இறங்கமாட்டேன். சொந்த நெறிமுறை, யூடிபியில் ஓடும் விளையாட்டு, பொட்டலங்களைப் பிடித்துப் பார்ப்பது என்றால்தான் சாக்கெட்.