கோப்புக்கு வெளியே – 9: லால் அத்வானி

ஒரு டி-சர்ட் திருப்பூரில் எத்தனை கை மாறுகிறது! கட்டிங் மேஜையில் துணி வெட்டுபவர் ஒருவர். ஓவர்லாக்கில் தோள் மூட்டுபவர் ஒருவர். அடிமடிப்பைப் பேட்லாக்கில் ஓட்டுபவர் மற்றொருவர். பக்கத்தில் உதவிக்கு நிற்கும் கைமடி. அப்புறம் பிசிறு வெட்டு, செக்கிங், அயர்னிங், பேக்கிங். இப்படி வேலை கூறு கூறாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், மாற்றுத்திறனாளிக்கு எந்த மேஜை பொருந்தும் என்று தேடினால் கிடைக்காமல் போகாது. தேடுகிறவர்தான் வேண்டும்.

அந்தத் தேடலை அரசின் கடமையாக்க உழைத்தவர் லால் அத்வானி. நாட்டில் பார்வையற்றோர் நிலையை ஆராய்ந்து 1944இல் ஓர் அறிக்கை வந்தது. அதற்கு முன்னின்றவர் கல்லிப்போலி போரில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி. அதன் தொடர்ச்சியாக மத்தியக் கல்வி அமைச்சகத்தில் 1947இல் பார்வையற்றோருக்கான பிரிவு தொடங்கியது. அதில் சேர்ந்த அத்வானியும் பார்வையற்றவர். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் நடைமுறைக்கு வந்தது. படித்தவருக்கு அடுத்து வேலை வேண்டுமே? 1954இல் சென்னையில் பார்வையற்றோருக்கென வேலைவாய்ப்பு அலுவலகம் வந்தது. 1959இல் மும்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சிறப்பு வேலைவாய்ப்பகம் திறந்தது. 1977இல் மத்திய அரசின் சி, டி பிரிவுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு கிடைத்தது.

பார்வையற்றோருக்கு வேலை தேடித் தரும் இதே துறையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பேர் பெற்றவர் ஜோசப் கிளங்க். பார்வையற்றவரான அவர் ஆலைக்குள் நேரே போவார். வேலையைத் தானே செய்துகாட்டி முதலாளியின் சந்தேகத்தைப் போக்குவார். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. தனியார் துறைக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊழியரில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி அரசு தன் வசதிக்கேற்ப ஊக்கச் சலுகை தர வேண்டும் என்ற அளவில் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வகுக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்தப் பணி மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும் என்று அதில் பட்டியலும் போட வேண்டும்.

அந்தப் பட்டியலை ஏசி அறையில் எழுதக் கூடாது. பவர்டேபிள் வரிசையில் நடந்து எழுத வேண்டும். காது கேளாத டெய்லருக்கு மெஷின் இரைச்சல் தடையே இல்லை. தீ விபத்து அலாரத்தோடு ஒரு சுழல் விளக்கும், பேச்சுக்குப் பதில் ஒரு மாதிரிப் பீஸும் போதும். ஒரு கால் பலவீனமானவருக்குப் பெடலை நல்ல காலின் பக்கம் நகர்த்தி மாட்டலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் செக்கிங் மேஜையின் உயரத்தைக் குறைத்தால் போதாது, கழிவறைக் கதவையும் அகலமாக்க வேண்டும். கதவு குறுகலாக இருந்தால் அவரால் முழு ஷிப்ட் தாக்குப்பிடிக்க முடியாது.

இவை பெரும் செலவு அல்ல. ஆனால் ஃப்ளோரில் நின்று பார்த்தவருக்கே தெரியும். அத்வானியின் தலைமுறை கட்டிய அலுவலகங்களின் வாரிசுகளாக மாவட்டந்தோறும் அதிகாரிகள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாளை அவர்கள் கம்பெனி ஃப்ளோருக்கு ஒதுக்கட்டும். சூப்பர்வைசரையும் வேலை கேட்டு வருபவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் போடட்டும். சட்டம் கேட்பதும் அந்தப் பட்டியலைத்தான்.

அடுத்த வாரம்: 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிறந்த கதை.

(தொடரும்)